ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் ஐந்தாம் சேனலும்

ஐயா, அம்மையீர்,

பனியன் கம்பெனிகளில் வயர்லெஸ் பெட்டிகளைப் பொருத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பதில் தொடங்கி, சாயப்பட்டறைகளுக்கு வாக்கிடாக்கி அமைத்துக் கொடுத்து, பின்னர் வைஃபை வேலைக்கு வந்தேன். ஆங்கிலக் கையேடுகளை அகராதியின் துணையோடு வரிவரியாகப் படித்தே இத்தொழிலைக் கற்றேன். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடைகளுக்கு நடுவே எனக்கும் ஒரு சிறு கடை உண்டு.

இக்குறிப்பைக் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். நடந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. கோபம் தணியவில்லை. அதில் ஒரு பங்கு என்மீதே எனக்கு உள்ளது. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினைப் பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டிய ஒரு பெண்மணியை, வேலை செய்யாமல் சும்மா இருப்பவர் என்று ஒரு கம்பெனி தீர்மானித்தது. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டிய தாளில் இருந்தது என் கையெழுத்து.

1. ராசியான நம்பர்

மண்ணரையில் உள்ள அந்தக் கட்டடத்திற்கு மூன்று தளங்கள். கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். மூன்றும் தனித்தனிக் கம்பெனிகள். கீழ்த்தளத்துக்காரர் அண்ணன், முதல் மாடிக்காரர் தம்பி, இரண்டாம் மாடிக்காரர் அவர்களுடைய தங்கையின் கணவர். பொது ஜெனரேட்டரை யார் எப்போது ஓட்டுவது என்ற தகராறில் மூவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அண்ணன் வெட்டிய துணியைத்தான் தம்பி தைக்கவேண்டும். தம்பி தைத்ததைத்தான் மச்சான் செக்கிங் செய்யவேண்டும். ஆயினும் அவர்களுடைய மேனேஜர்கள் மட்டுமே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள்.

என்னை அழைத்தவர் முதல் மாடியின் முதலாளி சண்முகம். தையல் லைனில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சிறிய டேப்லெட் வைத்திருந்தார். டெய்லர் ஒரு பண்டிலை, அதாவது ஒரு கட்டுத் துணியை, தைத்து முடித்ததும் அதிலுள்ள டிக்கெட்டை டேப்லெட்டில் ஸ்கேன் செய்யவேண்டும். அச்செய்தி வைஃபை வழியாகச் சர்வருக்குச் செல்லும். சுவரில் மாட்டிய டிவியில் ஒவ்வொரு சீட்டும், அதாவது ஒவ்வொரு மெஷினின் இருக்கையும், பச்சை நிறத்தில் தெரியும். பத்து நிமிடத்தில் போதிய ஸ்கேன் வந்துசேராவிட்டால் அந்தச் சீட்டு சிவப்பாகி, ‘ஐடில்’ என்று காட்டும். வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

டேப்லெட்டுகள் மலிவானவை; பழைய 2.4 அலைவரிசையில் மட்டுமே பேசக்கூடியவை. அந்த அலைவரிசையில் சேனல் எண்கள் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை இருந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாமல் இயங்க ஒன்று, ஆறு, பதினொன்று என்னும் மூன்றை எடுத்துக்கொள்வதே வழக்கம். நான் அளந்து பார்த்தபோது கீழ்த்தளத்துப் பெட்டி மூன்றாம் சேனலிலும், மேல்தளத்துப் பெட்டி ஆறாம் சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்று முற்றிலும் காலியாக இருந்தது. அதையே வைக்கலாம் என்றேன்.

“பதினொண்ணைக் கூட்டுனா ரெண்டுங்க. நமக்கு ரெண்டு ஆகாதுங்க,” என்றார் சண்முகம். “கார் நம்பரு, போன் நம்பரு, கம்பெனி பேரு எல்லாமே அஞ்சு வர்றாப்பல வெச்சிருக்கறனுங்க. இதையும் அஞ்சுலயே போட்டு உட்ருங்க.”

அண்ணனுக்கு மூன்றும் மச்சானுக்கு ஆறும் எப்படி வந்தன என்று பிற்பாடு அறிந்தேன். மூவருக்கும் எண் பார்த்துக் கொடுத்தவர் ஒருவரே. பேச்சு நின்ற பிறகும் அவரிடம் போவதை மட்டும் மூவருமே நிறுத்தவில்லை.

பெட்டியைத் தையல் ஹாலின் நடுவே, கூரையில் மாட்டவேண்டும் என்றும் சொன்னேன். தம் போனில் சிக்னல் நன்றாக வரவேண்டும் என்பதற்காக, அதைத் தம் கேபினுக்குள்ளேயே வைக்கச் சொன்னார். பவரை முழுவதும் ஏற்றிவிட்டால் மூலைவரை போகும் என்றார். மறுத்திருக்க வேண்டியவன் நான். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று ஐந்தாம் சேனலில், முழுப் பவரில், கேபினுக்குள் பொருத்திவிட்டு வந்தேன்.

அதனால் என்ன தீங்கு விளையும் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரே சேனலில் இருக்கும் கருவிகள், மற்றவர் பேசுகிறாரா என்று கேட்டுவிட்டே பேசும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். வேகம் குறையுமே தவிர, செய்தி கெடாது. மூன்று, ஐந்து, ஆறு என்று பாதி பாதி படியும் சேனல்களில் அந்த மரியாதை இல்லை. அடுத்த சேனலின் பேச்சு இதற்குப் பேச்சாகவே புரியாது. வெறும் இரைச்சலாக விழும். அதனால் காத்திருக்காமல் அதன்மேலேயே பேசிவிடும். இரண்டும் கெடும். பவரை ஏற்றுவதும் இதற்கு மருந்தாகாது. பெட்டி உரக்கப் பேசும், டேப்லெட்டில் சிக்னல் கோடுகள் நிறைந்து தெரியும். ஆனால் டேப்லெட்டின் குரல் பழையபடி சிறிய குரல்தான். அது பெட்டிவரை போய்ச் சேருகிறதா என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை.

2. ஆளில்லாத ஹால்

மூன்று மாதங்கள் கழித்து அக்கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் பாலு போன் செய்தார். லைனின் கடைசியில், மாடிப்படி ஓரத்தில் உள்ள ஒரு சீட்டு அடிக்கடி சிவப்பாகிறது என்றார். குறை நெட்வொர்க்கில் உள்ளதா, ஆளிடம் உள்ளதா என்று எழுத்தில் தரவேண்டும் என்றார். வேலை நாளில் லைனை நிறுத்த முடியாது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்.

நம் ஊரில் எல்லாக் கம்பெனிகளும் இப்படித்தான் சொல்லும். நாமும் இப்படித்தான் போவோம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நானும் போயிருக்கிறேன். அன்றும் போனேன். மூன்று தளங்களிலும் ஆளில்லை. அந்தக் கடைசிச் சீட்டில் அமர்ந்து நூறு டிக்கெட்டுகளை ஸ்கேன் செய்தேன். நூறும் சர்வரில் விழுந்தன. வாட்ச்மேன் வாங்கிவந்த டீயைக் குடித்துவிட்டு, ‘வயர்லெஸ் இணைப்பு அனைத்துச் சீட்டுகளிலும் சரியாக உள்ளது’ என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்திட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன்.

மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பெட்டிகள் விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு பேச ஆளில்லை. அலைவரிசையைப் பங்குபோட யாருமே வராத நாளில் பங்கீடு சரியாக உள்ளது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, அந்த நேரத்தில் அதை நினைக்காமல் இருந்தேன். என்மீது எனக்குள்ள கோபம் அதற்காகத்தான்.

3. ஜெபராணி

அடுத்த புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண்மணி என் கடைக்கு வந்தார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். பெயர் ஜெபராணி என்றும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்ட குடும்பம் என்றும் சொன்னார். கையில் இருந்த தாளை மேசைமேல் வைத்தார். என் அறிக்கையின் நகல். கம்பெனி நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டியிருந்தார்களாம்.

“அண்ணாச்சி, இது ஒங்க கையெழுத்துதானா?”

“ஆமாங்கம்மா.”

“எம் மெசின் கிட்ட வந்து பாத்துத்தான் போட்டியளா?”

“உங்க சீட்லயே உக்காந்து பாத்தனுங்க.”

“என்னைக்கி?”

“ஞாயித்துக்கெழமைங்க.”

“ஞாயித்துக்கெழம நான் கோயில்ல செபத்துல இருந்தேன். நான் இல்லாதப்ப எம் மெசின் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. நான் இருக்கையில வந்து பாத்தியளா?”

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். திங்கட்கிழமை காலை லைன் மீட்டிங்கில் நாற்பது பேருக்கு முன்னால் பாலு இந்தத் தாளை உயர்த்திக் காட்டினாராம். நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, சீட்டுதான் சும்மா இருக்கிறது என்றாராம். பாத்ரூமில் போய்ப் போன் நோண்டுகிறவர்களுக்கு ஓவர்லாக் எதற்கு என்றும் கேட்டாராம். அன்றே ஜெபராணியை மெஷினிலிருந்து எழுப்பி, தைத்ததை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படியும் சொல்லிவிட்டார்கள்.

தைத்த பண்டில்களைக் காட்டவில்லையா என்று கேட்டேன். லைனில் இரண்டு ஓவர்லாக்குகள். இரண்டிலும் தைத்தவை ஒரே டேபிளில் போய்க் கலந்துவிடும். கேபின் பக்கம் உள்ள இன்னொரு ஓவர்லாக்காரர்தான் இவருக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறார் என்று பாலு முடிவு கட்டிவிட்டார். அந்த ஓவர்லாக்காரரே, “நான் எங்கீங்க ரெண்டு பேரு வேலையைச் செய்யறது?” என்று சொல்லியும் கேட்கவில்லை.

“டேப்லெட்ல டிக் விழுந்துச்சு அண்ணாச்சி. ஒவ்வொரு பண்டிலுக்கும் டிக் விழுந்தத நான் பாத்தேன்,” என்றார் ஜெபராணி. “எனக்கு வேற கம்பெனி கெடைக்கும். ஆனா போன எடத்துலயும் சும்மா இருந்தவன்னு பேரு முன்னால போய் நிக்கும்.”

அவர் சொன்ன டிக் உண்மையானது. அந்தச் சாஃப்ட்வேர், ஸ்கேன் செய்தவுடனேயே டிக்கைக் காட்டிவிடும். பிறகு செய்தியைச் சில முறை அனுப்பிப் பார்க்கும். போகவில்லை என்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். உழைத்தவருக்கு டிக்கும் மேனேஜருக்குச் சிவப்பும் காட்டுகிற அந்த ஏற்பாட்டை எழுதியவர் யாரோ, அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

4. மேனேஜர் உட்கார்ந்த சீட்டு

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, மூன்று தளங்களும் முழு மூச்சாக ஓடும் நேரத்தில், யாரும் அழைக்காமலேயே மண்ணரைக்குப் போனேன்.

“ஏனுங்க, கூப்புடவே இல்லீங்களே. இன்னைக்கு சிப்மெண்ட் இருக்குதுங்க,” என்றார் பாலு. பத்து நிமிடம் போதும் என்றேன். ஜெபராணியின் மெஷின் காலியாகவே இருந்தது. அவர் சற்றுத் தள்ளி நின்று, மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார்.

இருபது பழைய டிக்கெட்டுகளைப் பாலுவிடம் கொடுத்து, அந்தச் சீட்டில் அமர்ந்து அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஸ்கேன் செய்யும்படி கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இருபதுக்கும் டிக் விழுந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்து சேர்ந்தவை ஏழு.

பத்தாவது நிமிடம் சுவரிலிருந்த டிவியில் அந்தச் சீட்டு சிவப்பானது.

எதிர் மெஷினில் இருந்த பீகார்க்காரர் தலையைத் தூக்கிப் பார்த்து, “மேனேஜர் சாப் ஐடில் ஹோ கயா,” என்றார். மேனேஜர் சும்மா உட்கார்ந்துவிட்டார் என்று பொருள்.

“அது எப்பவும் உள்ளதுதானுங்க,” என்றார் பக்கத்தில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அம்மாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாலு எழுந்துகொண்டார். காதுவரை சிவந்திருந்தார். டேப்லெட் கோளாறாக இருக்கும் என்றார். கேபின் பக்கத்து டேப்லெட்டைக் கழற்றி இங்கே வைத்தேன். அதற்கும் அதே கதிதான் ஏற்பட்டது. இந்த மூலையில் மாடிப்படி வழியாக மேலிருந்து ஆறாம் சேனலும் கீழிருந்து மூன்றாம் சேனலும் கொட்டுகின்றன என்றும், ஐந்தாம் சேனலில் சிறு குரலில் பேசும் டேப்லெட்டின் செய்தி எண்பதடி தாண்டிக் கேபின் சுவரையும் துளைத்துப் போகமுடியாது என்றும் விளக்கினேன். கீழ்த்தளத்திலும் இதே தொல்லைதான். அங்கே கட்டிங் மாஸ்டர் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தார்.

முதலாளி சண்முகம் கேபினிலிருந்து வந்தார். முழுவதையும் கேட்டார். பெட்டியை ஹாலுக்கு மாற்றிப் பதினொன்றாம் சேனலில் வைத்தால் இன்றே சரியாகும். அண்ணனிடமும் மச்சானிடமும் பேசக்கூடத் தேவையில்லை. அரை மணி நேர வேலை என்றேன்.

“அண்ணன் மூணுல இருந்து எறங்கட்டும், மச்சான் ஆறுல இருந்து ஏறட்டும்,” என்றார். “நான் எதுக்குங்க மாத்தோணும்?”

“அந்தம்மா வேலை போகுதுங்க.”

“ஒரு டெய்லருக்காக எங்கூட்டு ராசிய மாத்தச் சொல்றீங்களா சாமி?”

“ராசி உங்களுதுங்க. அந்தத் தாள்ல இருக்கற கையெழுத்து என்னுதுங்க,” என்றேன்.

அவர் மீண்டும் கேபினுக்குள் போய்விட்டார். ஐயா, அம்மையீர், அந்தக் கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தபோது வந்த கோபத்தை நான் என் தொழில் வாழ்வில் அறிந்ததில்லை. தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவிகூட, அடுத்தவர் பேசுகிறாரா என்று காது கொடுத்துவிட்டுத்தான் வாய் திறக்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களும் அவர்களுடைய மாப்பிள்ளையும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யமாட்டார்கள். அவர்கள் வீம்பின் விலையை மாடிப்படி ஓரத்தில் மெஷின் ஓட்டுகிறவர் கொடுக்கவேண்டும்.

5. இரண்டாம் அறிக்கை

அங்கேயே, ஜெபராணியின் மெஷின்மேல் லெட்டர்பேடை வைத்து எழுதினேன். ‘சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அளித்த அறிக்கை தவறானது. ஆட்கள் இல்லாத நேரத்தில் செய்த சோதனை அது. இன்று வேலை நேரத்தில் செய்த சோதனையில், கடைசிச் சீட்டிலிருந்து அனுப்பிய இருபது ஸ்கேன்களில் பதின்மூன்று சர்வரை அடையவில்லை. குறை சேனல் அமைப்பிலும் பெட்டி வைத்த இடத்திலும் உள்ளது. சீட்டில் அமர்ந்தவரிடம் குறை இல்லை. அந்த அமைப்பைச் செய்தவன் நான்.’ மூன்று பிரதிகள் எழுதினேன். ஒன்றைப் பாலுவிடமும் ஒன்றை ஜெபராணியிடமும் கொடுத்தேன். மூன்றாவதை நோட்டீஸ் போர்டில் என் பழைய தாளின்மேல் ஒட்டினேன்.

பாலு வந்து, “அதை எடுத்துருங்க சாமி. முதலாளி பாத்தா என்னையத்தான் கேப்பாங்க,” என்றார். கேட்கட்டும் என்றேன். மாலையில் சண்முகம் போன் செய்து, இனிக் கம்பெனிப் பக்கம் வரவேண்டாம் என்றார். அவருடைய உறவினர்களின் நான்கு கம்பெனி வேலைகளும் அத்தோடு போயின.

எட்டு நாட்கள் கழித்து வேறொரு கடைக்காரர் அங்கே போய்ப் பெட்டியை ஹாலுக்கு மாற்றிப் பதினொன்றாம் சேனலில் வைத்தார். அவரே என்னிடம் சொன்னார். அதற்குள் மூன்று தளங்களிலும் வேலை கூடி, லைனில் பாதிச் சீட்டுகள் சிவப்பாகி, பண்டில் கணக்கு இடித்து, சிப்மெண்ட் தாமதமாகியிருந்தது. எண் பார்ப்பவரிடம் மறுபடி போனபோது, பதினொன்றைக் கூட்டவே கூடாது, அது தனி எண் என்று அவர் சொல்லிவிட்டாராம். சிப்மெண்ட் நின்றபோது வளைந்துகொடுத்த ராசி, ஜெபராணியின் வேலை போனபோது வளையவில்லை.

சிவப்பு மறைந்த பிறகு ஜெபராணியைத் திரும்ப அழைத்தார்கள். திங்கட்கிழமை லைன் மீட்டிங்கில், அன்று சொன்னது தவறு என்று பாலு சொன்னால் வருகிறேன் என்றாராம். கேபினுக்குள் வைத்துச் சொல்கிறேன் என்று பாலு சொல்லியிருக்கிறார். ஜெபராணி போகவில்லை. மங்கலம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக்கில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த அன்று, என் இரண்டாம் அறிக்கையை அங்குள்ள மேனேஜரிடம் தாமாகவே காட்டினாராம். ஏன் திரும்பப் போகவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன்.

“கேபினுக்குள்ள சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்கும் அண்ணாச்சி,” என்றார். “எனக்குத்தான் தெரியுமே.”

இதிலிருந்து நான் கற்றதைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். ஆளில்லாத ஹாலில் சோதனை செய்யாதீர்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது தாங்குகிறதா என்பது மட்டுமே சோதனை. ஒருவர் தனியே பேசும்போது எல்லாச் சேனலும் நல்ல சேனல்தான். லைனை நிறுத்த முடியாது என்பார்கள். லைனை நிறுத்தவேண்டாம், ஓடும்போதே பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். எந்தச் சீட்டைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்தச் சீட்டில் உட்காருபவரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். பவரைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ராசி எண் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வேலை போகும், போகட்டும். எனக்குப் போனவற்றில் நான் வருந்தாதவை அந்த நான்கு கம்பெனி வேலைகளும்தான்.

கடைசியாக ஒன்று. அந்தக் கம்பெனியின் சர்வரில் பழைய பதிவுகளைத் திருத்த வழியில்லை. அந்த மூன்று மாதங்களில் எந்த நாளைத் திறந்தாலும் கடைசிச் சீட்டு இன்றும் சிவப்பாகவே இருக்கும். அதற்கு நேரே அவர் பெயரும் இருக்கும். எனக்குத் தெரிந்து, அதற்கு மாறாகச் சொல்லும் எழுத்தாக எஞ்சியிருப்பவை அவர் கையில் உள்ள ஒரு தாளும் இக்குறிப்பும் மட்டுமே. அந்த மூன்று மாதங்களும் ஜெபராணி வேலை செய்துகொண்டிருந்தார். இக்குறிப்பைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.